நாலாம் நம்பர்க்காரி

கூப்பிட்டாள். கூப்பிடத்தான் செய்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள், இன்னமும் எச்சில் விழுங்கினால் அந்த இடம் காந்துகிறது, கூப்பிடாமலா காந்தும். உமையபார்வதி ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறாள், விழுப்புரத்தில் சொன்னாள், விருத்தாசலத்தில் சொன்னாள், இப்போது திருச்சியும் வந்துவிட்டது, வெயில் மடியில் விழுந்து கிடக்கிறது, கோவில்பட்டி போய்ச் சேருகிறவரைக்கும் இந்த ஒரு பாட்டுத்தான் போலிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் சென்னையில் பெண்கள் கால்பந்துத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும் என்றிருந்த ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் ஒரு கோல் வாங்கி இந்தியா வெளியே போனது. அந்த இந்தியாவின் தடுப்பு வரிசைக்கு நடுவில் நாலாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு நின்றவள் இவள். இன்றைக்கு அந்தச் சட்டை பைக்குள் ஈரத்தோடு சுருண்டு கிடக்கிறது. இவள், அண்ணி தைத்துக் கொடுத்த சுடிதாரும் மைதானத்தில் போடாத சோடாபுட்டிக் கண்ணாடியும் அவிழ்த்துவிட்ட தலையுமாக, லீவுக்கு ஊருக்குப் போகிற யாரோ ஒரு நர்ஸ் மாதிரி இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டாள். வலது கையை மேலே தூக்கி, 'அப்' என்று கூப்பிட்டாள். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு ஒன்றுமில்லை, கூப்பிட்டவளுக்குத்தான் இந்தக் கதி, இதுக்குப் பேர் என்ன நியாயமோ.

திருச்சியில் பாதிப் பெட்டி இறங்கிவிட்டது. அதுவரைக்கும் ஆளுக்கொரு மூலையில் கிடந்த மூன்று பேர் ஒருவரையொருவர் கைகாட்டி அழைத்துக்கொண்டு இவளுக்கு எதிரே வந்து விழுந்தார்கள். வந்து உட்கார்ந்த ரெண்டாவது பேச்சிலேயே தெரிந்துபோனது, மதுரையிலிருந்து ஆட்டம் பார்க்கச் சென்னைக்கு வந்து திரும்புகிற கோஷ்டி. பெரியவர் குருநாதன், விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறவர், பேச்சுக்குப் பேச்சு 'நான் ஆடுற காலத்துல' என்பவர். பக்கத்தில் அசார், தாடியை ஒதுக்கிவிட்ட இளவட்டம், பெண்கள் அணிக்கென்றே இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறானாம், அதை வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான். மூன்றாவது குருநாதனின் மகள் கார்குழலி, காலேஜ் அணியில் ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கிறவள், உமையா நிற்கிற அதே இடம். அப்பாவுக்கும் அசாருக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்கச் சந்தே கிடைக்கவில்லை. உமையா ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டாள். எழுந்து போயிருக்கலாம், காலி இடம் எவ்வளவோ கிடந்தது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்து முக்காடு மாதிரிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கண்டுபிடிக்கப்போவதே இல்லை என்று தெரிந்தது, அப்போது அதுக்கும் ஒரு எரிச்சல் வந்தது பாருங்கள், இந்த மனசு இருக்கிறதே, எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தும்.

அசார் கோச்சைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரனைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, தடுப்பு வரிசையை மைதானத்தின் பாதிவரைக்கும் ஏற்றி நிறுத்தச் சொன்னால் எப்படி, நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஓட்டம் ஏது, பந்து ஒன்று பின்னால் விழுந்தால் அவ்வளவுதானே என்றான். குருநாதன் ஏற்றுக்கொள்ளவில்லை. வரிசையில் குற்றமில்லை, வரிசையை நடத்துகிறவளிடம்தான் குற்றம், நான் ஆடுற காலத்துல ஸ்டாப்பர் ஒரு சத்தம் போட்டான்னா கேலரியில் கடலை விக்கிறவன்கூட ரெண்டடி முன்னால வருவான் என்றார். முன்வரிசையில் மணிப்பூர்ப் பிள்ளை தவறவிட்ட கோலைப் பற்றி ஒரு பாட்டம் நடந்தது. தடுப்பில் அஞ்சு பேரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு பாட்டம். தண்ணீர் பாட்டில் மூடியையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கடலைமிட்டாய்த் துண்டுகளையும் இருக்கையில் பரப்பி, இவதான் ரைட் பேக், இவதான் கீப்பர் என்று அசார் நகர்த்திக் காட்டினான். உமையா ஒரு கடலைமிட்டாயாக நடுவில் கிடந்தாள். பேசிக்கொண்டே அசார் அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுவிட்டான், அப்புறம் 'ஐயையோ, நாலாம் நம்பரத் தின்னுட்டேன்' என்று சிரித்தான். 'தின்னா தின்னுட்டுப் போ, இருந்து என்ன கிழிச்சா' என்றார் குருநாதன். அப்போது குழலி சொன்னாள், அப்பா, அவங்க தமிழ்நாடுப்பா, கோவில்பட்டின்னு எங்கயோ படிச்சேன். குருநாதனுக்கு வந்ததே சிரிப்பு. கோவில்பட்டியா, அது ஹாக்கி ஊரு, அங்க எவ ஃபுட்பால் ஆடுறா, சட்டையில பார்வதின்னு போட்டிருக்கு, ஜார்க்கண்டாத்தான் இருக்கும் என்றார். ஒடிசான்னு நினைக்கிறேண்ணே என்றான் அசார். நினைக்கிறானாம். இவன் பக்கம் வேறு நடத்துகிறான்.

ஹாக்கி ஊர்தான். யார் இல்லை என்றது. தெருவுக்குத் தெரு மட்டையோடு பிள்ளைகள் போகிற ஊரில் இவள் ஒருத்தி பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தாள், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வருகிற அம்மா ஒன்றும் கேட்டதில்லை, அண்ணன்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பான், ஹாக்கி மட்டையப் பிடிச்சிருந்தா இந்நேரம் ரயில்வேல உக்காந்திருப்பல்லா என்று. அவனுக்கு இன்றைக்கு என்ன பதில் சொல்வது. ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவான், பையை வாங்கி முன்னால் வைப்பான், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான், அந்தப் பேசாமல் இருப்பது இருக்கிறதே, அதுக்கு இவர்கள் பேசுவதே தேவலை. இருபத்தொன்பது வயது. இடது முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழை வருகிறது என்று சொல்லிவிடும். இந்திய அணியின் அடுத்த முகாமுக்கு இன்றைக்குச் சாயங்காலம் பெயர்கள் முடிவாகின்றன, அதில் இல்லாவிட்டால் அப்புறம் எப்போதும் இல்லை, இருபத்தொன்பது வயது ஸ்டாப்பரை விட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்ட சரித்திரம் எங்கேயும் கிடையாது. காலையில் பஸ் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தி உதவிக் கோச் வசுந்தரா மேடம் சொன்னதை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. தடுப்பு வரிசையில் ஒருத்தியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார் கோச், நீதான் உன் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாய், அதுக்கு மேல் நான் எதை வைத்து உனக்காகப் பேசுவது, வேறு ஏதாவது இருந்தால் சாயங்காலத்துக்குள் எனக்குச் சொல்லு. வேறு ஏதாவது. மேடத்துக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும். வேறு ஏதாவது இருக்கத்தான் செய்கிறது, அதுக்குப் பேர் பெனிலா.

பெனிலா லெஃப்ட் பேக், தடுப்பு வரிசையில் இடது ஓரம். குமரிமாவட்டத்துக் கடற்கரைப் பிள்ளை, சாமான் தூக்குகிற தோளும் குதிரைக் காலும், ஓட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அங்கே செவன்ஸ் ஆடி வளர்ந்தவள், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம், மணலில், கோயில் திருவிழாவுக்கு, விளக்குப் போட்டு. செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. அதுதான் வினை. பெரிய ஆட்டத்தில் தடுப்பு வரிசை நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் ஏறினால் பின்னால் விடப்பட்ட எதிராளி ஆஃப்சைடு, அவளுக்குப் பந்து போனாலும் கொடி தூக்கிவிடுவார்கள், கோல் செல்லாது. நாலில் ஒருத்தி பின்னாலேயே நின்றுவிட்டால் எல்லாம் நாசம், அவளையே கணக்கில் எடுத்துக்கொண்டு எதிராளி சரியான இடத்தில் நிற்பதாகிவிடும். செவன்ஸ்காரிக்கு இது ரத்தத்தில் இல்லை. எதிராளி ஓடினால் கூடவே கோல்வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் அவளுக்குத் தெரிந்த தடுப்பாட்டம். அதனால்தான் முகாமில் அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கியது, அவள் கண் எதிராளி மேலேயேதான் இருக்கும், திரும்பிப் பார்க்கமாட்டாள், அவளுக்கு நாலாம் நம்பரின் குரல்தான் கயிறு, 'அப்' என்று காதில் விழுந்ததும் துரத்துகிறதை விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். ஏறுவாள். பழகிவிட்டிருந்தாள். நேற்று எதிரணியின் ஏழாம் நம்பர் ஓட ஆரம்பித்தாள், உமையா கையைத் தூக்கினாள், கூப்பிட்டாள், தானும் மற்ற ரெண்டு பேரும் ஏறினார்கள், பெனிலா ஏழாம் நம்பரோடு கோலைப் பார்த்து ஓடினாள். பந்து வந்தது. கொடி ஏறவில்லை. வலை அசைந்தது. அந்த ஒரு நொடி, மைதானத்தில் அத்தனை ஆயிரம் பேர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம், அது ஒரு பெரிய மிருகம் உறிஞ்சிக் குடித்த மாதிரி இருந்தது, இனி எந்த ஜென்மத்தில் மறக்கும்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றுகிற அறை. கோச் கதவருகில் நின்று, வரிசையை உடைத்தது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வரிசையைக் கூப்பிடுகிறவள்தான் வரிசைக்குப் பொறுப்பு, அது அவர்களுக்குள் ஒரு வழக்கம், யார் தப்பினாலும் வெளியே சொல்லும்போது ஸ்டாப்பர்தான் தலையைக் கொடுக்க வேண்டும். உமையா கொடுத்தாள். 'என் தப்பு' என்றாள். சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது, பொய் என்ன, கொஞ்சம் பெருமைதான். அடுத்த நொடி பெனிலா எழுந்து, இல்லை சார் நான்தான் என்பாள் என்று காத்திருந்தாள். அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உமையாவை ஒரு பார்வை பார்த்தாள், கண்ணில் தண்ணீர், திரும்பவும் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையைத்தான் உமையா ரயில் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறாள். அழுத்தக்காரி. ஊமைக்குசும்பு. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், இவள் தைலத்தை அவள் தேய்த்திருக்கிறாள், அவள் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை இவள் தின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை பார். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது 'போய்ட்டு வாரேங்கா' என்றாளே தவிர அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. எப்படி விடுவாள். இருபத்தொரு வயது, இன்னும் பத்து வருஷம் ஆடலாம், கிழவி ஒருத்தி தானாகவே தலையைக் கொடுக்கிறாள், நமக்கென்ன வந்தது. கூப்பிட்டேனேடி. காது என்ன செவிடா. உமையா தான் பல்லைக் கடித்த சத்தம் தனக்கே கேட்டுத் தாடையைத் தளர்த்திக்கொண்டாள்.

எதிரே அசாரின் ஃபோனில் அந்தக் கோல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. டிவியில் வந்த துண்டு. அதில் நடுவில்தான் காட்டுகிறார்கள், பெனிலா ஓடுவது படத்துக்கு வெளியே போய்விடுகிறது, நாலாம் நம்பர் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்பதும் அவளைத் தாண்டிப் பந்து போவதும்தான் தெரிகிறது. உமையா அதை இதுவரை பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை, அறிவிப்பாளர் கத்துகிற கத்தலை மட்டும் கேட்டாள். குருநாதன் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். பெனிலா நம்ம பிள்ளை, கடற்கரை ரத்தம், கடைசிவரைக்கும் துரத்திட்டுப் போனா பாத்தியா, அவ ஒருத்திதான் உசுரக் குடுத்து ஆடுனா. நாலாம் நம்பரு கையத் தூக்கிட்டு ஆஃப்சைடு ஆஃப்சைடுன்னு நிக்கிறா, சோம்பேறிக் கழுத. அப்புறம் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார், 'வயசாச்சுல்ல. வீட்டுக்கு அனுப்பி ஒரு கல்யாணத்தப் பண்ணி வைக்கச் சொல்லு. அவளால ஒரு நாடே அழுவுது.' அசார் அதை அப்படியே தன் பக்கத்தில் போடப்போவதாகச் சொல்லித் தட்ட ஆரம்பித்தான். உமையா எழுந்தாள். கால் மரத்திருந்தது. பெனிலா உசுரைக் கொடுத்து ஆடினாளாம். வரிசையை உடைத்துவிட்டு ஓடினவள் உசுரைக் கொடுத்தவள், வரிசையைக் காத்தவள் கழுதை. எவ்வளவு நாளைக்கு ஒருத்தி சுமப்பாள். வழக்கமாம் வழக்கம், வழக்கம் சோறு போடுமா, அண்ணன் முகத்தைப் பார்க்க அந்த வழக்கமா வந்து கூட நிற்கும். கைகழுவுகிற இடத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபோனை வாயருகில் கொண்டுபோய் வசுந்தரா மேடத்துக்குப் பேசி அனுப்பினாள். மேடம், நான் சரியா கூப்பிட்டேன், பெனிலா ஏறல, அவதான் வரிசைய உடைச்சா, ஜூனியர் பொண்ணுன்னு என் தலைல போட்டுக்கிட்டேன், இனிமே முடியாது, நீங்க கோச்கிட்ட சொல்லிருங்க. அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிவிட்டது. ரெண்டு கோடு விழுந்தது. நீலமானது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

வந்து பார்த்தால் குழலி அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோல் விழுந்ததை அவள் கேலரியிலிருந்து தன் ஃபோனில் எடுத்த வீடியோப் படமாம், அப்பாவும் பார்க்கமாட்டேன் என்கிறார், அசார் அண்ணனும் டிவி படமே போதும் என்கிறார். பேச ஒரு ஆள் கிடைக்காதா என்று தவித்த பிள்ளை, எதிரே வந்து உட்கார்ந்த இந்தச் சோடாபுட்டிக்காரியைப் பிடித்துக்கொண்டது. 'அக்கா, நீங்க ஃபுட்பால் பாப்பீங்களா இல்லையா தெரியல, நீங்களாச்சும் பாருங்க. நான் எப்பவும் நாலாம் நம்பரத்தான் பாப்பேன், எனக்கு அவங்க மாதிரி ஆடணும்.'  நேற்றிலிருந்து யாரும் இவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, சொன்ன ஒருத்தியும் இவள் முகத்துக்கு நேரே, இவள் யார் என்று தெரியாமல் சொல்கிறாள். இருந்தாலும் இருக்கட்டும். ஒருத்திக்காவது தெரியட்டும். ஃபோனை வாங்கினாள். குழலி விரலால் காட்டினாள், இது பதினைஞ்சாம் நம்பர், பெனிலா, இவங்க ஏறல பாருங்கக்கா, இவங்கதான் பின்னாடியே ஓடுறாங்க, எல்லாரும் நாலாம் நம்பரத் திட்டுறாங்க. ஆமாம். அப்படித்தான். உமையா மனசுக்குள் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். பெரிசாக்கிக் காட்டட்டுமா என்று கேட்டு, குழலி ரெண்டு விரலால் படத்தை விரித்தாள். நாலாம் நம்பர் திரை முழுக்க வந்தாள்.

கை மேலே இருந்தது. வலது கை, விரல்கள் விரிந்து. முகம் பெனிலாவின் பக்கம். வாயில் சட்டைக் காலர். வெள்ளைக் காலரைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தாள். களைத்துப்போனால் அப்படிச் செய்வாள், சின்ன வயசிலிருந்து, அம்மா அதுக்காகவே அடித்திருக்கிறாள், காலர் எல்லாம் நைந்துபோகிறது என்று. இன்னொரு தரம் போடு என்றாள். குழலி போட்டாள். ஏழாம் நம்பர் ஓட ஆரம்பிக்கிறாள், நாலாம் நம்பர் கையைத் தூக்குகிறாள், ஏறுகிறாள், காலர் வாயில். முதுகைக் காட்டிக்கொண்டு பெனிலா ஓடுகிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் தூக்கிய கை யாருக்குத் தூக்கிய கை. முன்னாலேயே கூப்பிட்டிருப்பாள், படம் எடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால். இன்னும் கொஞ்சம் முன்னாலேருந்து போடு. குழலி சந்தோஷமாகப் போட்டாள், அக்காவுக்கு ஆட்டம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்திருப்பாள். முன்னாலேயும் காலர். அதுக்கு முன்னாலேயும் காலர். பந்து வலைக்குள் போன அப்புறம்தான் அந்தத் துணி வாயிலிருந்து விழுகிறது, அப்புறம்தான் வாய் திறக்கிறது, கொடி வைத்திருக்கிறவரைப் பார்த்து ஓடி ஓடிக் கத்துகிறாள், கழுத்து நரம்பு தெரியக் கத்துகிறாள், ஆஃப்சைடு ஆஃப்சைடு என்று. தொண்டை கிழிந்தது அங்கே. காந்துகிறது என்று செங்கல்பட்டிலிருந்து விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டு வந்தாளே, அது இது. அப்படியானால் அந்த 'அப்'? கேட்டதே. தன் காதில் தன் குரல் கேட்டதே. மனசுக்குள் கூப்பிட்டிருப்பாள். ஆயிரம் தடவை கூப்பிட்ட வாய், ஆயிரத்தோராவது தடவை கூப்பிடாமலேயே கூப்பிட்ட மாதிரி நினைத்துக்கொண்டுவிட்டது. மற்ற ரெண்டு பேரும் கையைப் பார்த்து ஏறிவிட்டார்கள், திரும்பிப் பார்க்காத அந்தப் பெண் பிறகு எதைக் கேட்பாள், எந்தக் கயிற்றைப் பிடித்து ஏறுவாள். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாளே, அது குற்றவாளியின் பார்வை இல்லை. அக்கா கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடாதவள் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டாள், அதில் இவள் எழுந்து சொல்ல என்ன இருக்கிறது. அக்காவைக் கோச்சிடம் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான். ஊமைக்குசும்பு என்று இவள் திட்டியது இதைத்தான். உமையா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.  நல்லா எடுத்திருக்கம்மா என்றாள்.

'பாத்தீங்கல்லக்கா, நாலாம் நம்பர் மேல தப்பில்லல்ல?' குழலி விடவில்லை. உமையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திண்டுக்கல் மலை வந்து போனது, மொட்டையாக, வெயிலில் வெந்துபோய். இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். மேடம், தப்பாகச் சொல்லிவிட்டேன், படம் பார்த்தேன், நான் கூப்பிடவில்லை. ஒரு நிமிஷ வேலை. ஃபோன் கையில்தான் இருக்கிறது. சொன்னால் அப்புறம் பொய்க்காரி என்றும் ஆகும், முதலில் என் தப்பு என்றாய், அப்புறம் அவள் தப்பு என்றாய், இப்போது திரும்ப உன் தப்பா, உனக்கு என்ன பைத்தியமா. பெனிலாவுக்கு இருபத்தொன்றுதானே. இந்த முகாம் இல்லாவிட்டால் அடுத்தது, அவள் காலுக்கு எவன் இல்லை என்பான். இவளுக்குத்தான் அடுத்தது இல்லை. கணக்குப் பார்த்தால் அதுகூட நியாயம்தான். நியாயம். சீ, என்று வாய்விட்டு வந்துவிட்டது, குருநாதன் திரும்பிப் பார்த்தார். ஃபோன் அதிர்ந்தது. வசுந்தரா மேடம் எழுதியிருந்தார், நல்லவேளை சொன்னாய், கோச்சிடம் பேசிவிட்டேன், நீ முகாமில் இருக்கிறாய், பெனிலாவிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று, அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. உமையா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நீ முகாமில் இருக்கிறாய். உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை, உள்ளே எங்கேயோ ஒரு குளிர்ச்சி பரவியது, சந்தோஷம், ஆமாம் சந்தோஷம்தான், வெட்கங்கெட்ட சந்தோஷம். அண்ணனிடம் சொல்லலாம். முழங்காலுக்கு இன்றைக்கே தைலம் தேய்க்க வேண்டும். எதிரே மூன்று பேரும் இறங்குவதற்குச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அசார் போட்டதுக்கு அதற்குள் நூற்றுக்கணக்கில் லைக் விழுந்துவிட்டதாம், எல்லாரும் நாலாம் நம்பரைத் தூக்கச் சொல்கிறார்களாம்.

அப்போது பெனிலாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. உமையா அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருப்பாள். திட்டட்டும், நாலு கெட்ட வார்த்தை சொல்லட்டும், அவள் கடற்கரையில் அதுக்கா பஞ்சம், அதைக் கேட்டுவிட்டால் மேடத்திடம் சொல்லத் தைரியம் வந்தாலும் வரும். ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பின்னால் பஸ் இரைச்சல். அழுது முடித்த குரல். 'எக்கா, மேடம் சொன்னாவ. நீங்க விளிச்சது எனக்குக் கேக்கவே இல்லக்கா. விளிக்கலன்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல விட்டுட்டேன் போல. எனக்காவ நீங்க அத்தன பேருக்கு முன்னால தலையக் குடுத்தியளே, நான் ஒண்ணும் மிண்டாம வாய மூடிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிருங்கக்கா.' முடிந்துவிட்டது. உமையா இன்னொரு தரம் கேட்கவில்லை. ரயில் மதுரைக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது, குருநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வழியில் நின்றார், குழலி போகிறபோக்கில் வரேன்க்கா என்று சிரித்தாள். உமையா அவளுக்குத் தலையாட்டினாள். அப்புறம் ஃபோனை வாயருகில் கொண்டுபோனாள். சொல்ல நினைத்தது ஒன்று. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, அங்கேயே நின்றது.

'பரவால்லட்டி, விடு' என்றாள். 'அடுத்த தடவ காதத் தீட்டிக்கிட்டு ஆடு.'

இந்தத் தடவை குரல் நன்றாகவே வந்தது.